தேடல் பக்கம் ஏன் இப்படி மாறிப் போச்சு? வாயனசாலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு சின்ன வாயனசாலை. நூலகத்தை எங்கள் ஊர்த் தமிழர்களும் மலையாளத்தில் அப்படித்தான் சொல்வோம். பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகா. கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டினால் பொள்ளாச்சி ரோடு. சாயங்காலம் ஆறு மணியிலிருந்து எட்டு வரை இங்கே இருக்கும் இரண்டு கம்ப்யூட்டருக்கும் நான்தான் காவல். வருகிறவர்களில் பாதிப் பேர் பேப்பர் படிக்க வருவார்கள், மீதிப் பேர் போனை நீட்டி "இத கொஞ்சம் தேடிக் குடுங்க" என்பார்கள். ஒரே சந்தேகத்தைப் பத்துப் பேர் கேட்ட பிறகு ஒரு நோட்டில் குறித்துவைக்க ஆரம்பித்தேன். கேள்விகள் அவரவர் கேட்ட வாக்கிலேயே இருக்கின்றன.

1. ஏனுங்க, முன்னெல்லாம் பத்து லிங்க் வரிசையா வரும். இப்ப எதுக்குப் பக்கம் பூரா கசகசன்னு இருக்குது?

ஒரே நாளில் இப்படி ஆகவில்லை. கூகுள் 1998இல் தொடங்கியபோது நீல எழுத்தில் பத்துத் தலைப்பு, ஒவ்வொன்றுக்கும் கீழே இரண்டு வரி, அவ்வளவுதான். 2007இல் படம், செய்தி, வீடியோ, மேப் எல்லாவற்றையும் அந்த வரிசைக்குள்ளேயே கலந்து காட்டத் தொடங்கினார்கள். 2012இல் ஒரு ஆளையோ ஊரையோ தேடினால் பக்கவாட்டில் தகவல் பலகை வந்தது. 2014இல் ஏதாவது ஒரு வலைப்பக்கத்திலிருந்து பதில் வரியை மட்டும் வெட்டி உச்சியில் வைத்தார்கள். 2024 மே மாதம் அமெரிக்காவில் ஏஐ எழுதும் சுருக்கம் வந்தது. அதே ஆகஸ்டில் இந்தியாவுக்கும் வந்துவிட்டது.

காரணம் இரண்டு. ஒன்று, போன். கையகலத் திரையில் பத்து லிங்க்கைத் திறந்து திறந்து மூடுவது யாருக்கும் பொறுமை இல்லாத வேலை. இன்னொன்றை நிறுவனங்கள் சத்தமாகச் சொல்வதில்லை: பதில் அங்கேயே கிடைத்துவிட்டால் நீங்கள் அந்தப் பக்கத்தை விட்டு வெளியே போக மாட்டீர்கள்.

2. மேல பெட்டியில ஒரு பதில் வருதே, அது யாரு எழுதுனது?

எந்தப் பெட்டி என்று பார்க்க வேண்டும். மூன்று வகை இருக்கிறது, மூன்றும் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் தெரியும்.

ஊர், ஆள், மலை, அணை இவற்றின் படமும் பிறந்த வருஷமும் மக்கள்தொகையும் போட்டு வருவது தகவல் பலகை. விக்கிப்பீடியா போன்ற இடங்களிலிருந்து முன்கூட்டியே சேர்த்துவைத்த விவரம் அது. இரண்டாவது, ஒரே ஒரு வலைப்பக்கத்திலிருந்து நாலு வரியை அப்படியே எடுத்து மேலே வைத்து, கீழே அந்தப் பக்கத்தின் பெயரைப் போட்டிருப்பது. அதில் எழுத்துக்கூட மாறாது. எழுதியவர் யாரோ ஒரு மனிதர், அவர் பொறுப்பு. மூன்றாவது ஏஐ சுருக்கம். அதில் இருக்கும் வாக்கியத்தை எந்த மனிதரும் எழுதவில்லை. பல பக்கங்களை எடுத்துவைத்துக்கொண்டு இயந்திரம் புதிதாகக் கோத்த வாக்கியம் அது.

யார் பொறுப்பு என்று கேட்டால் முதல் இரண்டிலும் ஒரு விலாசம் இருக்கிறது. மூன்றாவதில் விலாசங்கள் நாலைந்து இருக்கும், ஆனால் அந்த வாக்கியம் அவற்றில் எதன் வாக்கியமும் இல்லை. இதைப் பிடித்துக்கொண்டால் கீழே வரும் பல கேள்விகள் சுலபமாகிவிடும்.

3. மொதல்ல வர்றதுதானே நல்லது? நல்லதுங்கறதாலதானே மொதல்ல போடறான்?

இதை நம்பாத ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை. என்னையும் சேர்த்துத்தான். கார்னெல் பல்கலைக்கழகத்தில் மாணவர்களை உட்காரவைத்து, அவர்கள் கண் எங்கே போகிறது என்று கருவி வைத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2007இல் வெளியானது. மாணவர்களுக்குத் தெரியாமல் முடிவுகளின் வரிசையைத் தலைகீழாக்கினார்கள். பத்தாவதாக வரவேண்டியது முதலில், முதலாவது பத்தாவதில். அப்படியும் மேலே இருந்ததைத்தான் அதிகம் தட்டினார்கள். கீழே நல்ல பதில் இருந்தும் வரிசையை நம்பினார்கள்.

ரேஷன் கடை வரிசையில் முன்னால் நிற்பவர் சீக்கிரம் வந்தவர் என்று மட்டும்தான் அர்த்தம். தேடல் வரிசையும் கொஞ்சம் அப்படித்தான். உங்கள் சொற்களோடு பொருந்துவது, பலர் சுட்டியிருப்பது, வேகமாகத் திறப்பது, உங்கள் இடத்துக்குப் பக்கத்தில் இருப்பது என்று பல கணக்குகள் சேர்ந்து அந்த வரிசையைப் போடுகின்றன. "இது உண்மையா" என்பதை நேராக அளக்கும் கோல் எதுவும் அந்தக் கணக்கில் கிடையாது.

4. விளம்பரம் எது, நிஜம் எதுன்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

"ஸ்பான்சர்டு" என்றோ "விளம்பரம்" என்றோ சின்ன எழுத்தில் இருக்கும். பழைய கம்ப்யூட்டர் திரையில் விளம்பரம் வலப்பக்கத்தில் தனியாக நிற்கும். 2016இல் கூகுள் அந்த வலப்பக்கத்தை எடுத்துவிட்டு, விளம்பரங்களை வரிசைக்கு மேலேயே நாலு வரை வைக்க ஆரம்பித்தது. அன்றிலிருந்து பார்வைக்கு எல்லாம் ஒரே சாயலாகிவிட்டன.

அரசாங்கச் சான்றிதழ் தேடும்போது மட்டும் இரண்டு மடங்கு கவனம் வேண்டும். இங்கே ஒரு அக்கா மகனுக்குச் சான்றிதழ் வாங்க, மேலே வந்த முதல் லிங்க்கில் பணம் கட்டிவிட்டு வந்து நின்றார். அது அரசாங்கத் தளமே இல்லை. "நாங்கள் விண்ணப்பித்துத் தருகிறோம்" என்று சர்வீஸ் சார்ஜ் வாங்கும் ஏதோ தனியார் பக்கம். முகவரியின் கடைசியில் "ஜிஓவி டாட் இன்" இருக்கிறதா என்று பார்ப்பது அரைநொடி வேலை.

5. தமிழ்ல தேடுனா தமிழ்நாட்டுக் கணக்கே வருது. நாம இருக்கறது கேரளாவுல. இதுக்கு என்னதான் பண்றது?

இந்த நோட்டை ஆரம்பித்ததே இந்தக் கேள்வியால்தான்.

ஒரு உதாரணம். எங்கள் வாயனசாலைக்கு வரும் ஒரு பெரியவர், "கரண்ட் பில் நூறு யூனிட் இலவசம்னு போன்ல வருது, நமக்கு ஏன் முழுசா பில் போடறாங்க?" என்று கொதிப்போடு வந்தார். போனை வாங்கிப் பார்த்தேன். பதில் சரிதான்: இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். ஆனால் அது 2016இலிருந்து தமிழ்நாட்டு வீடுகளுக்கு நடக்கும் திட்டம். நமக்கு பில் போடுவது கேரள மின்வாரியம், அங்கே அந்தத் திட்டமே கிடையாது. பதிலில் "தமிழ்நாடு" என்ற சொல் ஒரு இடத்தில்கூட இல்லை. எழுதியவர் தமிழ்நாட்டில் உட்கார்ந்து தமிழ்நாட்டுக்காரருக்கு எழுதியிருக்கிறார். மாநிலப் பெயர் போடவேண்டும் என்று அவருக்குத் தோன்றவே காரணமில்லை.

பத்தாம் வகுப்பு ரிசல்ட் நாளிலும் இதே கூத்து. நம் பிள்ளைகள் தமிழ் மீடியத்தில் படித்தாலும் எழுதுவது கேரள எஸ்எஸ்எல்சி. முடிவு போடுவது திருவனந்தபுரத்துப் பரீட்சா பவன். "பத்தாம் வகுப்பு ரிசல்ட்" என்று தமிழில் தட்டினால் வருவது சென்னை அரசுத் தேர்வுகள் இயக்ககத்தின் தேதி. ஒரு வருஷம் ஒரு பையன் அந்தத் தேதியைப் பார்த்துவிட்டு, ரிசல்ட் வந்த அன்றைக்கு மாமன் வீட்டில் சாவகாசமாக மாங்காய் தின்றுகொண்டிருந்தான்.

இதில் தேடுபொறியை மட்டும் குறை சொல்ல முடியாது. கேரளத்து அரசாங்கத் தளங்களில் விவரம் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும்தான் கொட்டிக் கிடக்கிறது. கேரள விவரத்தைத் தமிழில் சொல்லும் பக்கம் குறைவு. இல்லாததை எங்கிருந்து காட்டும்? பத்து லிங்க் வந்த காலத்தில் பத்தாவதாவது ஒரு கேரளப் பக்கம் கண்ணில் படும். "ஓ, ரெண்டு மாநிலத்துக்கும் வேற வேற போல" என்று சந்தேகமாவது வரும். ஒற்றைப் பதில் வரும்போது அந்தச் சந்தேகத்துக்கே இடமில்லாமல் போகிறது. புதிய முறையில் எனக்கிருக்கும் பெரிய குறை இதுதான். வைத்தியம் எளிது: தமிழிலேயே தேடுங்கள், ஆனால் "கேரளா" என்றோ "பாலக்காடு" என்றோ ஒரு சொல் கூடப் போடுங்கள்.

6. சித்தூர் தாலுகா ஆபீஸ்னு போட்டா ஆந்திராவுக்கு வழி காட்டுது அண்ணா!

சிரிக்காதீர்கள், ஆந்திரத்திலும் ஒரு சித்தூர் இருக்கிறது; காணிப்பாக்கம் பிள்ளையார் கோயில் இருக்கும் மாவட்டம். அதுவும் தமிழ்நாட்டு எல்லைதான், அங்கேயும் தமிழ் பேசுகிறவர்கள் நிறைய. தமிழ் எழுத்தில் இரண்டு ஊருக்கும் ஒரே பெயர். நம்முடையது கொங்கன்படைத் திருவிழா நடக்கும் சித்தூர். (கொங்கு ராஜாவை விரட்டிய கதையைக் கொண்டாடும் விழா அது. கொங்குத் தமிழ் பேசிக்கொண்டு நாமும் போய் வேடிக்கை பார்க்கிறோம்.)

2012க்கு முன் தேடுபொறிக்கு "சித்தூர்" என்பது வெறும் எழுத்துக்கூட்டு. அதற்குப் பிறகு ஊர், ஆள், நதி எல்லாவற்றையும் தனித்தனிப் பொருளாகப் பதிந்து, ஒன்றுக்கொன்று உறவைக் குறித்து ஒரு பெரிய வலை பின்னினார்கள். இரண்டாம் கேள்வியில் சொன்ன தகவல் பலகை அந்த வலையிலிருந்து வருவது. பெயர் ஒன்று, பொருள் இரண்டு என்றால் பெரியது ஜெயிக்கும். ஆந்திரத்துச் சித்தூர் மாவட்டத் தலைநகர், நம்முடையது தாலுகா. அதனால் பலகையில் அது ஏறிவிடுகிறது. "கேஎஸ்ஆர்டிசி" என்று போட்டாலும் இதே தகராறுதான். கேரளா பஸ்ஸுக்கும் கர்நாடகா பஸ்ஸுக்கும் அதே ஐந்து ஆங்கில எழுத்து.

7. எனக்கு எழுத வராது தம்பி, பேசித்தான் தேடறேன். அது ஒரே பதிலச் சொல்லிட்டு நிறுத்திக்குது.

2017இல் கூகுள் குரல் தேடலில் தமிழ் சேர்ந்தது. எழுதத் தெரியாத எத்தனையோ பேருக்கு அது பெரிய வாசல், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் கண்ணால் பார்க்கும்போது ஒரே நேரத்தில் நாலு தலைப்பில் பார்வை ஓடும். காதால் கேட்கும்போது ஒன்றன்பின் ஒன்றாகத்தான் கேட்க முடியும். பத்து முடிவைப் படித்துக் காட்டினால் யார் உட்கார்ந்து கேட்பார்கள்? அதனால்தான் ஒன்றோடு நிறுத்துகிறார்கள்.

ஆத்தா, நீங்கள் செய்யவேண்டியது ஒன்றுதான். பதில் வந்ததும் "இது எந்த மாநிலத்துக்கு?" என்று அடுத்த கேள்வி கேளுங்கள். பணம், மருந்து, நிலம் சம்பந்தப்பட்டது என்றால் பேரனை விட்டுத் திரையைப் படிக்கச் சொல்லுங்கள்.

8. ஏஐ சொல்றது தப்பாக்கூட இருக்குமா? அவ்வளவு பெரிய கம்பெனி அல்லவா?

இருக்கும். 2024 மே மாதம் அமெரிக்காவில் கூகுளின் ஏஐ சுருக்கம் வந்த புதிதில், பீட்சாவில் சீஸ் ஒட்டாவிட்டால் கொஞ்சம் கோந்து சேர்க்கலாம் என்று எழுதிவைத்தது. பதினொரு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஆள் இணையத்தில் விளையாட்டாக எழுதியதை அது நிஜமென்று எடுத்துக்கொண்டது. தினம் ஒரு சின்னக் கல் தின்றால் நல்லது என்றும் சொன்னது. அது கிண்டல் பத்திரிகை ஒன்றிலிருந்து வந்தது.

உள்ளே நடப்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். உங்கள் கேள்வியை வாங்கி, அதையே சில கிளைக் கேள்விகளாக உடைத்துத் தேடும். வந்த பக்கங்களிலிருந்து துண்டுகளை எடுக்கும். பிறகு மொழி மாதிரி என்ற நிரல் அந்தத் துண்டுகளை வைத்து, அடுத்து எந்தச் சொல் வந்தால் பொருந்தும் என்று கணித்துக் கணித்து ஒரு பத்தி எழுதும். ஆக தப்பு இரண்டு இடத்தில் நுழையலாம்: எடுத்த பக்கமே தப்பாக இருக்கலாம், அல்லது எல்லாப் பக்கமும் சரியாக இருந்து தைத்த தையல் தப்பாக இருக்கலாம்.

இரண்டாவது வகைதான் ஆபத்து. தென்னையின் சாற்றை உறிஞ்சும் ரூகோஸ் சுருள் வெள்ளை ஈயை இந்தியாவில் முதலில் கண்டதே 2016இல் பொள்ளாச்சி, பாலக்காட்டுத் தோப்புகளில்தான். நமக்குத் தெரியாத பூச்சியில்லை. பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஒருவர் அதற்கு என்ன செய்வது என்று தேடி, வந்த சுருக்கத்தைக் காட்டினார். மஞ்சள் ஒட்டும் பொறி கட்டுங்கள், ஓலையின் அடிப்பக்கம் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுங்கள் என்று முதல் இரண்டு வரியும் அருமை. மூன்றாவது வரியில் ஒரு பூச்சிமருந்தின் பெயர். லிங்க்கைத் திறந்தால் அது பருத்தியில் வரும் வெள்ளை ஈக்கு எழுதிய பக்கம். தமிழில் இரண்டுக்கும் "வெள்ளை ஈ" தானே! தென்னையில் அந்த மாதிரி மருந்தை அடித்தால், வெள்ளை ஈயைத் தின்று அழிக்கும் என்கார்சியா குளவியும் சேர்ந்து செத்துப்போகும். வேளாண் விஞ்ஞானிகள் வேண்டாம் என்று சொல்வதே அதனால்தான். மூன்று வரியும் தனித்தனியாக உண்மை. சேர்த்து வைத்ததுதான் தப்பு.

9. அதுதான் பக்கத்துலயே லிங்க் குடுத்திருக்கானே, அப்ப நம்பலாம்ல?

லிங்க் கொடுத்திருப்பது நீங்கள் திறந்து பார்ப்பதற்கு. திறக்காவிட்டால் அது வெறும் அலங்காரம். பியூ ஆய்வு மையம் 2025 மார்ச்சில் அமெரிக்காவில் சுமார் 900 பேர் இணையத்தில் எங்கெங்கே போனார்கள் என்று பார்த்தது. ஏஐ சுருக்கம் வந்த தேடல்களில் வழக்கமான லிங்க்கைத் தட்டியது 8 சதவீதத்தில்தான். சுருக்கம் வராதபோது 15 சதவீதம். சுருக்கத்துக்குள்ளே கொடுத்திருந்த லிங்க்கைத் தட்டியது எவ்வளவு தெரியுமா? 1 சதவீதம்.

நான் செய்வது இது. சுருக்கத்தில் எனக்கு வேண்டிய அந்த ஒரு வரியை மட்டும் எடுத்துக்கொள்வேன். அதற்குப் பக்கத்து லிங்க்கைத் திறந்து, அந்த வரி அங்கே நிஜமாக இருக்கிறதா, எந்த ஊருக்கு, எந்த வருஷத்துக்கு எழுதியது என்று பார்ப்பேன். ஒரு நிமிஷம் ஆகும். சினிமா நேரம் பார்க்க இதெல்லாம் வேண்டாம்.

10. நானும் மச்சானும் ஒரே நேரத்துல ஒரே கேள்வி போட்டோம். ரெண்டு பேருக்கும் வேற வேற வந்துச்சு. எப்படி?

இடம் ஒரு காரணம். வேலந்தாவளம், மீனாட்சிபுரம் பக்கம் நின்றால் போன் சில சமயம் தமிழ்நாட்டு டவரைப் பிடிக்கும், சில சமயம் கேரள டவரை. ஜிபிஎஸ் அணைத்திருந்தால் நீங்கள் எந்த மாநிலம் என்பது தேடுபொறிக்கே குழப்பம். இதற்கு முன் என்னென்ன தேடினீர்கள் என்பதும் கொஞ்சம் சேரும். போனின் மொழியும் சேரும்.

ஏஐ சுருக்கம் என்றால் இன்னொரு காரணமும் உண்டு. எட்டாம் கேள்வியில் சொன்னபடி அது ஒவ்வொரு முறையும் புதிதாக எழுதுகிறது. ஒரே ஆள் ஒரே கதையை இரண்டு முறை சொன்னால் சொல்லுக்குச் சொல் ஒன்றாக இருக்காது இல்லையா, அந்த மாதிரி.

11. லிங்க், பெட்டி, ஏஐ... இத விட்டா வேற மாதிரி காட்டவே முடியாதா சார்?

பாலிடெக்னிக் படிக்கும் ஒரு பையன் கேட்டது. எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி, அதனால் கொஞ்சம் நீளமாகத்தான் பதில் வரும்.

முயற்சி செய்யாமல் இல்லை. 1992இல் ஜெராக்ஸ் ஆய்வுக்கூடத்தில், கிடைத்த ஆவணங்களைத் தானாகவே கூறு கூறாகப் பிரித்துக் காட்டும் முறையைச் செய்தார்கள். பின்னால் 2004இல் வந்த கிளஸ்டி என்ற தேடுபொறியும் அதே மாதிரி கூறு பிரித்துக் காட்டியது. "திங்கள்" என்று தேடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். நிலா ஒரு கூறு, மாதம் ஒரு கூறு, கிழமை ஒரு கூறு. எது வேண்டுமோ அதைத் தட்டினால் மற்றவை விலகும். நம் சித்தூர்ச் சிக்கலுக்கு இதைவிடப் பொருத்தமான மருந்து உண்டா? ஆனால் கூறுகளுக்குத் தலைப்பு வைப்பதில் இயந்திரம் அடிக்கடி சொதப்பியது. தலைப்பு புரியாவிட்டால் கூறு பிரித்தே பயனில்லை.

பிரான்சில் கார்டூ என்று ஒன்று இருந்தது. முடிவுகளை வரிசையாகப் போடாமல் வரைபடம் மாதிரி புள்ளிகளாக வைத்து, சம்பந்தமுள்ளவற்றைக் கோட்டால் இணைக்கும். பார்க்க அவ்வளவு அழகு. 2010இல் மூடிவிட்டார்கள். கண் வரைபடத்தில் எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் தவித்தது. வரிசையென்றால் மேலிருந்து கீழ் என்று குழந்தைக்கும் தெரியும். 2008இல் வந்த கூல் என்ற தேடுபொறி பத்திரிகைப் பக்கம் மாதிரி பத்தி பத்தியாகப் படத்தோடு காட்டியது. படம் ஒன்று, செய்தி ஒன்று என்று பொருந்தாமல் வந்து கேலிக்குள்ளாகி இரண்டே வருஷத்தில் காணாமல் போனது. கூகுளும் 2010இல் பக்கத்தைத் திறக்காமலே அதன் சின்னப் படத்தைக் காட்டும் வசதி வைத்தது, 2013இல் எடுத்துவிட்டது.

எனக்கு மிகவும் பிடித்தது 1995இல் மார்ட்டி ஹர்ஸ்ட் என்ற ஆய்வாளர் செய்த டைல்பார்ஸ் என்ற முறை. ஒவ்வொரு ஆவணத்துக்கும் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம். ஆவணம் நீளமானால் கட்டமும் நீளம். நீங்கள் "தென்னை", "வெள்ளை ஈ" என்று இரண்டு சொல் போட்டால் கட்டத்தில் இரண்டு வரி. ஆவணத்தின் எந்தப் பகுதியில் அந்தச் சொல் அடர்த்தியாக வருகிறதோ அந்த இடம் கறுப்பாகும். இரண்டு வரியும் ஒரே இடத்தில் கறுத்திருந்தால் அந்தப் பகுதி இரண்டையும் சேர்த்துப் பேசுகிறது; ஒன்று தொடக்கத்திலும் மற்றது கடைசியிலும் கறுத்திருந்தால் சும்மா இரண்டு சொல்லும் வந்துபோயிருக்கின்றன, அவ்வளவுதான். பக்கத்துத் தோட்டத்துக்காரர் அன்று இதைப் பார்த்திருந்தால், அந்தப் பருத்திப் பக்கத்தில் "வெள்ளை ஈ" வரி முழுக்கக் கறுத்து, "தென்னை" வரி வெறுமையாகக் கிடப்பது ஒரே பார்வையில் தெரிந்திருக்கும். ஏன் இந்தப் பதில் வந்தது என்பதையும் சேர்த்தே காட்டிய முறை அது. இன்றைய ஏஐ சுருக்கம் இதற்கு நேர் எதிர். காரணத்தை மறைத்துவிட்டுப் பதிலை மட்டும் தருகிறது. பையனிடம், "நீ புதுசா ஏதாவது செய்யறதா இருந்தா இங்கிருந்து ஆரம்பி" என்றேன். செமஸ்டர் முடியட்டும் சார் என்று போய்விட்டான்.

12. போட்டோ எடுத்துத் தேடறது நம்பகமா?

பொருளின் பெயர் தெரியாதபோது நல்லது. 2024 தொடக்கத்தில் திரையில் தெரியும் எதையும் விரலால் வட்டம் போட்டுத் தேடும் வசதியும் சில போன்களில் வந்தது. செருப்பு, செடி, மலையாளத்தில் எழுதிய போர்டு இவற்றுக்கெல்லாம் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். காளானைப் போட்டோ எடுத்து, தின்னலாமா என்று மட்டும் கேட்காதீர்கள்.

13. எனக்கு இந்த ஏஐ எல்லாம் வேண்டாம். பழைய மாதிரி லிங்க் மட்டும் வர வழி இருக்குதா?

இருக்கிறது. கூகுளில் தேடிய பிறகு மேலே படங்கள், வீடியோ, செய்தி என்று ஒரு பட்டை வரும். அதைத் தள்ளிக்கொண்டே போனால், அல்லது "மேலும்" என்பதைத் தட்டினால், "வெப்" என்று ஒன்று இருக்கும். 2024 மே மாதம், ஏஐ சுருக்கம் வந்த அதே சமயத்தில் இதையும் வைத்தார்கள்; ஏனோ பின்கட்டில் வைத்திருக்கிறார்கள். அதைத் தட்டினால் வெறும் லிங்க். டக்டக்கோ என்ற தேடுபொறியில் ஏஐ பதிலை செட்டிங்கிலேயே அணைத்துவிடலாம்.

பழைய பக்கம் சுத்தம் என்று நினைத்துவிடாதீர்கள். மூன்றாம், நான்காம் கேள்விகளில் சொன்னது அங்கேயும் பொருந்தும்.

14. தென்னங்கன்று நர்சரிக்கு வெப்சைட் போட்டிருக்கறேன். போன வருஷம் வந்த ஆள்ல பாதிகூட இப்ப வர்றதில்ல. என் பக்கத்துல இருந்த விஷயத்தையே எடுத்து மேல பதிலாப் போட்டுடறான். இது நியாயமா?

நியாயமில்லை என்றுதான் எனக்கும் படுகிறது. ஒன்பதாம் கேள்வியில் சொன்ன 8, 15 கணக்கு உங்கள் கடை வாசலில் தெரிகிறது. நீங்கள் எழுதாவிட்டால் அதற்கு எடுக்க ஒன்றுமில்லை. நீங்கள் எழுதினால் உங்களிடம் வர ஆளில்லை. உலகம் முழுக்கப் பத்திரிகைக்காரர்களும் இதே வழக்கைத்தான் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

அது முடியும்வரை சில காரியம் செய்யலாம். "கன்று நடுவது எப்படி" என்ற பொது விஷயத்தை ஆயிரம் பேர் எழுதியிருக்கிறார்கள், அதற்கு உங்கள் பக்கத்தைத் திறக்க மாட்டார்கள். இந்த மாதம் உங்களிடம் எத்தனை குட்டைக் கன்று இருக்கிறது, விலை என்ன, வண்டியில் எதுவரை கொண்டுவந்து இறக்குவீர்கள் என்பதை உங்களைத் தவிர யாரும் எழுத முடியாது. அதை எழுதுங்கள். மேப்பில் கடையைப் பதிந்து, நேரமும் போன் நம்பரும் சரியாக வையுங்கள். "பக்கத்தில் தென்னங்கன்று" என்று தேடுகிறவருக்கு இன்னும் மேப்தான் முதலில் வருகிறது. தமிழில் ஒரு பக்கம், மலையாளத்தில் ஒரு பக்கம் வையுங்கள். இரண்டிலும் "பாலக்காடு, கேரளா" என்று மறக்காமல் போடுங்கள். ஐந்தாம் கேள்வியில் தமிழில் கேரள விவரமே இல்லை என்று புலம்பினேனே, அந்தப் பள்ளத்தில் ஒரு கூடை மண்ணாவது நிரம்பும்.

15. ஒரே கேள்விக்குத் தமிழ்ல ஒண்ணு சொல்லுது, மலையாளத்துல ஒண்ணு சொல்லுது. எதை நம்பறது?

காரியம் எந்த மாநிலத்து ஆபீசில் நடக்க வேண்டுமோ அந்த ஆபீசின் மொழியில் வருவதை. அதுவும் சில சமயம் சறுக்கும், கதை சொல்கிறேன்.

ஒரு ஆத்தா, வீட்டுக்காரர் இறந்த பிறகு நிலத்தைத் தன் பெயருக்கு மாற்ற வேண்டும் என்று வந்தார். தமிழ்நாட்டில் அதைப் பட்டா மாற்றம் என்போம். "பட்டா மாற்றம்" என்று தமிழில் தேடினால் தாசில்தார், சிட்டா, சென்னைத் தளம் என்று அச்சுப்பிசகாமல் தமிழ்நாட்டு வழி வருகிறது. இங்கே கேரளத்தில் வில்லேஜ் ஆபீசில் அதற்குப் பெயர் "போக்குவரவு". அந்தச் சொல்லையே தமிழ் எழுத்தில் தட்டினேன். தேடுபொறி பெரிய மனதோடு என் எழுத்துப்பிழையைத் திருத்தி, "போக்குவரத்து" என்று மாற்றி, பஸ் நேரத்தைக் கொட்டியது. மாற்றிவிட்டேன் என்று மேலே சின்ன எழுத்தில் சொல்லியும் இருந்தது. அந்த வரியை யார் பார்க்கிறார்கள்? அதைத் தட்டி நான் எழுதியதையே தேடச் சொன்னேன், உருப்படியாக ஒன்றும் வரவில்லை. கடைசியில் மலையாள எழுத்தில் அடித்த பிறகுதான் கேரள வருவாய்த் துறையின் பக்கம் வந்தது. ஆதாரமும் (நிலப் பத்திரத்துக்கு இங்கே அந்தப் பெயர்) கரம், அதாவது நிலவரி கட்டிய ரசீதும் இன்னும் என்னென்ன காகிதமும் வேண்டும் என்று ஒரு துண்டுச்சீட்டில் தமிழில் எழுதிக் கொடுத்தேன்.

ஆத்தா சீட்டை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டார். கிளம்பும்போது திரும்பி, "அந்த பஸ் டைம் வந்துச்சே சாமி, அதுல காலைல பொள்ளாச்சிக்கு மொதல் வண்டி எத்தனை மணிக்குன்னு பாரு" என்றார்.